பன்னிரண்டாம் தூண்

முத்தராரா, செப்டம்பர் 21

அன்பு மகள் ஃபெலிஸ்மினாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு கோழியும் வருகிறது. கோபத்தில் கடிதத்தைப் படிக்காமலே கிழித்துவிடுவாய் என்று தெரியும். கோழியைக் கிழிக்க முடியாது. சமாதானத்துக்குக் கோழி அனுப்புவதும், கோபம் தீராதவர்கள் அதைத் திருப்பி அனுப்புவதும் நம் ஆட்களின் வழக்கம். நீ வைத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். முட்டை போடும் கோழி.

"போன் பண்ணலாமே" என்றாள் உன் அம்மா. "போன்ல பேசினா பாதியில வெச்சிடுவா. கடுதாசியைப் பாதியில வெச்சாலும் மீதி அங்கயேதான் கெடக்கும்" என்றேன். "அப்ப சுருக்கமா எழுதுங்க. உங்க பாதியே நாலு பக்கம் வரும்" என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழையை மன்னித்துக்கொள். மற்ற பிழைகளுக்குத்தான் கோழி.

பாலத்தை மறுபடி ரயிலுக்காகச் செப்பனிடும் உன் முகாமின் விளக்கு எங்கள் வாசலிலிருந்து தெரிகிறது. நடுவில் சாம்பேசி ஆறும், நாற்பது கண் பாலமும்தான். மூன்றரை கிலோமீட்டர். ஆனால் பத்து நாளாக நீ நிலாவில் இருப்பதுபோல் இருக்கிறது.

நீ உங்கள் பெரிய இஞ்சினியரை நம் வீட்டுக்கே படகில் கூட்டிவந்தாய். "எங்க பாபா இருபத்திரெண்டு வருஷம் இந்தப் பாலத்துல சுத்தியல் தட்டி நடந்தவரு. ஒவ்வொரு ஆணியும் தெரியும்" என்று அவரிடம் சொன்னாய். கேட்கும்போதே எனக்கு நாலு அங்குலம் உயரம் கூடியது. போர் முடிந்து லாரி போவதற்காகப் பாலத்தை ஒட்டுப்போட்ட வருஷம், ஒரு தூணின் தலையில் பாலத்தைத் தாங்கும் இரும்புத் தட்டுக்குப் பதிலாக நாங்கள் மரக்கட்டை செருகினோமே, அது எந்தத் தூண் என்று அவர் கேட்டார். பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டில் கட்டை இல்லை என்கிறாய்.

சரியாகத் தோண்டினார்களா, மகளே? ஆறு வருகிற மேல்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது.

உன் பாபா,
பெர்னபே காம்பிரா


சேனா முகாம், செப்டம்பர் 25

பாபா,

கோழியைத் திருப்பி அனுப்புகிறேன். வழியில் ஒரு முட்டை போட்டதாம். படகோட்டி டிக்கே அதைத் தன் கூலி என்று சொல்லிவிட்டார்.

சரியாகத்தான் தோண்டினோம். நான்கு நாள். பாலத்தின் ஒரு முனையை அங்குலம் அங்குலமாகத் தூக்கி நிறுத்தி, சிமெண்டை உடைத்துப் பார்த்தோம். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டும். உள்ளே வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தட்டு, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இஞ்சினியர் மெய்ரெலெஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கீழ் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். இந்தப் பாலத்தில் வெல்டிங் கும்பலுக்குத் தலைவியாக வந்த முதல் பெண் நான். இப்போது சாமான் கிடங்கில் உட்கார்ந்து கையுறை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு வரிசையில் நின்றால், "ஏ பன்னெண்டு, தள்ளி நில்லு" என்கிறார்கள். அதுதான் இப்போது என் பெயர்.

நவம்பர் முப்பதாம் தேதி முப்பது வேகன் நிலக்கரியோடு சோதனை ரயில் ஓடப்போகிறது. லாரியைத் தாங்கிய மரம் அதைத் தாங்காது. "மரமே கெடையாது, கெழவரோட கதை" என்கிறார்கள் எல்லோரும். மரம் இருக்கிறது என்று நம்புவது நான் ஒருத்திதான்.

பன்னிரண்டு என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஃபெலிஸ்மினா


முத்தராரா, அக்டோபர் 2

அன்பு மகளுக்கு,

கோழி மீண்டும் வருகிறது. அதற்குப் படகுப் பயணம் பிடித்துவிட்டது. டிக்கேயைக் கண்டாலே தானாகத் துறைக்கு ஓடுகிறது.

பன்னிரண்டு எப்படித் தெரியும் என்று கேட்டாய். அதைச் சொல்ல வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். இந்தப் பாலத்துக்கும் நம் குடும்பத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. என் அப்பாவைக் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்கள். அப்போது அப்படித்தான், வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்குள் வந்து பிடிப்பார்கள். மூன்று மழைக்காலம் கல் சுமந்தார். முதல் ரயில் போன அன்று வெள்ளைக்காரர்கள் மேளம் அடித்தார்களாம். என் அப்பா கரையில் நின்று, "நான் தூக்குன கல்லு எதுன்னு கேட்டா காட்டுவேன். ஆனா ஒருத்தனும் கேக்கலை" என்று சொன்னாராம். சாகும்வரை அவர் அந்த ரயிலில் ஏறவில்லை. டிக்கெட்டுக்குக் காசு இல்லாததால் இல்லை. "நான் சொமந்ததுமேல அது போகட்டும், அதுமேல நான் எதுக்குப் போகணும்?" என்பார்.

நான் அதே பாலத்தில் சம்பளத்துக்குப் போனேன். பத்தொன்பது வயது. கையில் நீளக் காம்பு வைத்த சுத்தியல், கூட்டாளி சோசின்யோ. தினமும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தட்டிக்கொண்டே நடப்போம். நல்ல இரும்பு பாடும், கெட்ட இரும்பு இருமும். அப்புறம் போர் வந்தது. ஒருநாள் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். யார் வைத்தது என்பதை இன்றும் ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். அப்போது உனக்கு ஆறு வயது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டி மலாவிக்கு நடந்தேன். சமாதானம் வந்ததும் திரும்பினோம். லாரி ஓடுவதற்காகப் பாலத்தை ஒட்டுப்போட்டார்கள். ஒரு தூணின் தட்டு விரிசல் விட்டிருந்தது. புதிய தட்டு கப்பலில் வருகிறது என்றார்கள். "ஒரு வாரத்துக்கு மட்டும் இரும்புமரக் கட்டையைச் செருகுங்கடா" என்றார் மேஸ்திரி. தட்டு வரவே இல்லை, கட்டையைச் சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது பதின்மூன்று வயது.

யோசித்துப் பார்த்தால், பன்னிரண்டு நம் கரையிலிருந்து எண்ணியதாக இருக்கும். நீங்கள் அந்தக் கரையிலிருந்து எண்ணுகிறீர்கள். அப்படியென்றால் இருபத்தெட்டு. இருபத்தெட்டைப் பார்க்கச் சொல்லேன்.

உன் பாபா


சேனா முகாம், அக்டோபர் 6

பாபா,

தாத்தா கதை நன்றாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

இஞ்சினியரின் வரைபடமும் நம் கரையிலிருந்துதான் எண்ணுகிறது. தூண்களில் எழுதியிருப்பதும் அப்படித்தான். நீங்கள் இப்போது எண்ணை மாற்றுகிறீர்கள். சந்தையில் விலை குறைப்பதுபோல.

நேற்று ஞாயிறு. அனுமதி வாங்கிக்கொண்டு பன்னிரண்டாம் தூணுக்குப் போனேன். மலாவி முகாமில் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் நீங்கள் சொல்வீர்களே, "பன்னெண்டாவது தூணுமேல ஒக்காந்து, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மாங்கா தின்னேன், கொட்டையை ஆத்துல துப்புனேன், நீர்யானை மண்டையில விழுந்துச்சு" என்று. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பெய்ராவில் வெல்டிங் படித்தேன். கூடப் படித்த பையன்கள் உயரத்தில் ஏற நடுங்கியபோது நான் நடுங்கவில்லை. எங்கள் பாபா காலைத் தொங்கப்போட்டு மாங்காய் தின்றவர்.

நேற்று பார்த்தேன். தூணின் தலையில் உட்கார இடமே இல்லை.

தூணில் எழுதிய எண்ணும் நடைபாதையிலிருந்து தெரியாது. கம்பிக்கு வெளியே உடம்பைச் சாய்த்து, கீழே ஆற்றுப்பக்கம் பார்த்தால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் தினமும் பார்த்தவருக்கு மறந்திருக்காது. எல்லாத் தூணிலும் எண்கள் ஒரே நிறத்தில் எழுதியிருக்கின்றன. என்ன நிறம்? ஒரு சொல்லில் பதில் போதும்.

கோழி திரும்பி வருகிறது.

ஃபெலிஸ்மினா


முத்தராரா, அக்டோபர் 13

மகளே,

ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீலம் என்று ஒருமுறை எழுதி அடித்தேன். மஞ்சள் என்று எழுதினேன். உன் அம்மா தோள் வழியே எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தனை நெறம் பாக்கி இருக்கு?" என்றாள். காகிதத்தைக் கசக்கிப் போட்டேன்.

எனக்கு நிறம் தெரியாது. நான் ஒருநாளும் கீழே பார்த்ததில்லை.

பொய். ஒருமுறை பார்த்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மூன்றாவது கண்ணின் நடுவில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஓடியது. தண்ணீர் நின்றது, பாலம் ஓடியது. முழங்கால் மணலாகிவிட்டது. காலையில் தின்ற சோளக்களி கீழே படகில் போன பாதிரியாரின் தொப்பியில் விழுந்தது. மிச்சப் பாலத்தை நான்கு காலில் கடந்தேன். சோசின்யோ சிரிக்கவில்லை. "டேய் பெர்னபே, உனக்குக் கண்ணு பத்தாது, ஆனா காது நல்ல காதுடா. நான் பாக்கறேன், நீ கேளு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்றான். அன்றிலிருந்து எட்டிப் பார்க்கிற வேலை எல்லாம் அவனுடையது. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் நடந்தேன். என் கட்டைவிரலின் நிறம் கேள், சொல்கிறேன்.

அந்த மரக்கட்டையைக் கயிற்றில் இறங்கிச் செருகியதும் சோசின்யோதான். நான் மேலே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தேன். எந்தத் தூண் என்று அவனுக்குத் தெரியும். அவன் செத்து ஏழு வருடமாகிறது.

அப்புறம் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? மலாவியிலிருந்து வந்தது. அங்கே உனக்கு இரவில் தூக்கம் வராது. வெடிச்சத்தம் உன் காதுக்குள்ளேயே இருந்தது. பாலம் விழுந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். பாலம் நிற்கிறது, அதில் உன் பாபா உட்கார்ந்து மாங்காய் தின்றார் என்றால் தூங்கிவிடுவாய். எத்தனையாவது தூண் என்று கேட்டாய். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இருபது வருடம் கழித்து, இஞ்சினியர் முன்னால் நீ என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தபோது, அதே எண் அதே வாயில் வந்துவிட்டது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கும்பல் உன்னிடம் இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதில் பெருமை எதுவும் இல்லை. அந்தக் கட்டை வைத்த பிறகும் வேலை இருந்த வரை அதன் மேல் தட்டியிருக்கிறேன். எண் தெரியாது. சத்தம் தெரியும். எல்லாத் தூணும் ஒலிக்கும், அது மட்டும் தொண்டை கட்டியவன்போல் ஒலிக்கும். சுத்தியலோடு என்னை நடக்கவிட்டால் காட்டுகிறேன். கீழே மட்டும் பார்க்கச் சொல்லாதே.

இந்தத் தடவை கோழி அனுப்பவில்லை. இதற்கு ஒரு கோழி போதாது.

பெர்னபே


சேனா முகாம், அக்டோபர் 20

பாபா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை பாதிரியாரின் தொப்பியில் நின்றுவிட்டேன். கிடங்கில் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, வெயிலில் எனக்குத் தலை சுற்றிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

இஞ்சினியரிடம் உண்மையைச் சொன்னேன், முழுவதையும். "உங்கப்பாவுக்கு நம்பர் தெரியாது, உயரம்னா பயம், இருந்தும் அவரைப் பாலத்துல நடக்கவிடணும்ங்கிற. சரியா?" என்றார். "சரி சார்" என்றேன். "இந்த ஆறு வாரத்துல நீ சொன்னதுலயே இதுதான் நம்புற மாதிரி இருக்கு" என்றார். ஞாயிறு காலை அரைநாள் தருகிறார். கட்டை கிடைக்காவிட்டால் நான் வேலையை விட்டுப் பெய்ராவுக்கு பஸ் ஏற வேண்டும். அதுதான் பேச்சு.

26ஆம் தேதி ஏழு மணிக்கு நம் கரை முனையில் நிற்பேன். தண்டவாளத்துக்குப் புதிய கட்டைகள் போட்டு, நடுவில் பலகை விரித்திருக்கிறார்கள். உங்கள் இடுப்பில் பெல்ட் மாட்டி, நான் பிடித்துக்கொள்வேன். கயிறு பிடிப்பது நம் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் செய்த வேலைதானே.

சுத்தியலை மறக்காதீர்கள். முகாம் சுத்தியல் வேண்டாம், உங்களுடையது.

மினா


சேனா முகாம், அக்டோபர் 29

பாபா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெரும்பாலும் கண்ணை மூடியிருந்ததால், என்ன நடந்தது என்பதை நான் எழுதி அனுப்புவது நல்லது.

தலைக்கவசம் கொடுத்தபோது அது உங்களுக்குப் பெரிதாக இருந்தது, மூக்குவரை இறங்கியது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், கண்ணை மறைச்சா நல்லதுதான்" என்றீர்கள். இஞ்சினியர் பின்னால் கைகட்டி நடந்தார். என் பழைய கும்பல் எட்டுப் பேரும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். எனக்காக வரவில்லை. பந்தயம் கட்டியிருந்தார்கள்.

முதல் தூணிலேயே நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். படகுக்காரர்களின் துடுப்புப் பாட்டை இவ்வளவு மோசமாக யாரும் பாடிக் கேட்டதில்லை. கீழே மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பதிலுக்குப் பாடினார்கள். உங்களுக்கு அது காதில் விழவில்லை, நீங்கள் இரும்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தட்டு, பாட்டை நிறுத்து, கேள், நட. பன்னிரண்டாவது தூணில் எட்டுப் பேரும் சேர்ந்து, "பன்னெண்டு!" என்று கத்தினார்கள். "அது நல்ல தூணுடா, அதைத் திட்டாதீங்க" என்றீர்கள். அப்போது பெல்ட் வழியாக உங்கள் உடம்பின் நடுக்கம் என் கைக்கு வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

பதினேழில் நின்றீர்கள். ஆறு வரும் மேல்பக்கம் தட்டினீர்கள். பிறகு ஆறு போகும் கீழ்ப்பக்கம். மறுபடி மேல்பக்கம். "இங்கதான்" என்றீர்கள். இஞ்சினியர் சுத்தியலை வாங்கித் தட்டினார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது" என்றார். நீங்கள் சொன்ன பதிலை முகாம் முழுக்க இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: "சார், உங்க வீட்டம்மா சும்மா பாத்திரம் வெக்கிற சத்தமும், கோவத்துல வெக்கிற சத்தமும் உங்களுக்கு ஒண்ணாத்தான் கேக்குமா?" அவர் சிரித்த சிரிப்பில் அந்தத் தூணைத் திறக்க அனுமதி இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வேலை. இன்று பத்து மணிக்குச் சிமெண்டு உடைந்து விழுந்தது. உள்ளே கறுப்பாக, நான்கு விரல் தடிமனில், நசுங்கி ஓரம் பிளந்த இரும்புமரக் கட்டை. இஞ்சினியர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என் கும்பலைப் பார்த்து, "உங்க தலைவி எங்க, ஏன் கிடங்குல நிக்கிறா?" என்றார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தும் எட்டுப் பேரும் என்னைத் தேடுவதுபோல் நான்கு பக்கமும் ஓடினார்கள். பாவிகள். இப்போது என் பெயர் "பதினேழு".

கட்டையின் அடிப்பக்கத்தில் கத்தியால் இரண்டு எழுத்துச் செதுக்கியிருக்கிறது. ஒன்று சோசின்யோவின் முதல் எழுத்து. இன்னொன்று உங்களுடையது. கயிற்றில் தனியாகத்தான் தொங்கினார், இருந்தும் இரண்டு பேர் செய்த வேலை என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டையைத் துடைத்து, டிக்கேயிடம் கொடுத்தனுப்புகிறேன். கனம், படகு ஒரு பக்கம் சாய்கிறது என்று முனகினார்.

புதிய தட்டை நானே பொருத்துவேன். நவம்பர் முப்பதாம் தேதி நிலக்கரி ரயில் ஓடும்போது அந்தத் தூணின் அடியில் படகில் நிற்பேன். உங்கள் கரையிலிருந்து கேளுங்கள். ஏதாவது இருமினால் சொல்லுங்கள்.

ஒரு விஷயம். நீங்கள் கீழே பார்த்ததே இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு உயரத்தில் பயம் வரவில்லை. இன்று மத்தியானம் கயிற்றில் தொங்கிக்கொண்டே சோதித்துப் பார்த்தேன். பொய் போய்விட்டது, தைரியம் அப்படியே இருக்கிறது. அதனால் அதைத் திருப்பித் தர மாட்டேன்.

கோழியை அனுப்புங்கள்.

மினா


முத்தராரா, டிசம்பர் 22

அன்பு மகள் மினாவுக்கு,

கோழியைச் சமைக்காமல் முகாமில் வளர்க்கிறீர்கள் என்றும், அதற்கும் தலைக்கவசம் செய்யப் போகிறீர்கள் என்றும் டிக்கே சொன்னார். நல்லது. இந்த வருடம் அது என்னைவிட அதிக முறை ஆற்றைக் கடந்தது.

நிலக்கரி ரயில் ஓடிய அன்று துறையில் ஊரே நின்றது. ஊர்த்தலைவர் தண்ணீரில் மதுவை ஊற்றி, பாலத்தில் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. எல்லோரும் ரயிலைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பயத்தால் அல்ல. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எண்ணினேன். முப்பது வேகனும் பதினேழைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை. ஒன்றும் இருமவில்லை. எல்லாம் பாடியது. "என் பொண்ணு போட்ட தட்டு!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவன், "எந்தத் தட்டு பாபா?" என்றான். காட்டினேன். என் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். நான் காட்டினேன்.

நேற்று முதல் பயணிகள் ரயில். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைத் துணியைக் கட்டிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்தத் தடவை கீழே பார்த்தே தீருவது என்று சபதம் எடுத்திருந்தேன். ரயில் கிளம்பியதும் ஒரு அம்மாள் தன் கருவாட்டுக் கூடையையும், அதன் மேல் பேரனையும், பேரன் மேல் ஒரு ஆட்டுக்குட்டியையும் என் ஜன்னலில் வைத்தாள். "கொஞ்சம் நகருங்கம்மா, நான் நாப்பத்தாறு வருஷமாப் பாக்காத ஆறு" என்றேன். "நாப்பத்தாறு வருஷம் பொறுத்தவருக்கு நாலு நிமிஷம் பெருசா?" என்றாள். சேனா வந்துவிட்டது. ஆட்டின் வாலைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

நீ உன் கும்பலோடு மேடையில் நின்றாய். மேளத்தில் என் குரல் உனக்குக் கேட்டிருக்காது. உன்னைப் பார்த்தேன், அது போதும். புகையிலை வாங்கி வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி, அவளை உன் பக்கம் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். புகையிலை வாங்கவில்லை. அதற்கு மன்னிப்பு.

நடந்தே திரும்பினேன், பாலத்தின் மேல், தனியாக, பெல்ட் இல்லாமல். ஓரத்தில் நீங்கள் போட்ட புதிய நடைபாதையும் கம்பியும் இருந்தன. பதினேழில் நின்று இரும்பை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தேன். பன்னிரண்டுக்கு வந்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோசின்யோவைத் திட்டிக்கொண்டே, குனிந்து கீழே பார்த்தேன்.

தண்ணீர் ஓடியது. பாலம் நின்றது.

முழங்கால் மட்டும் பழைய முழங்கால்தான். மடிந்து உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் கம்பி இடுக்கு வழியாக வெளியே தொங்கிவிட்டன. தைரியத்தால் அல்ல, இழுத்துக்கொள்ளத் தெம்பு இல்லாததால். சட்டைப்பையில் உன் அம்மா வைத்த மாங்காய் இருந்தது. எழுந்திருக்க நேரமாகும் என்று தோன்றியது, அதனால் தின்றேன். கொட்டையை ஆற்றில் துப்பினேன். நீர்யானைமேல் விழவில்லை, டிக்கேயின் படகில் விழுந்தது. அவர் மேலே பார்த்துச் சொன்னதை எழுத முடியாது.

ஆக, மலாவியில் உன்னிடம் சொன்னதில் நீர்யானையைத் தவிர மற்றதெல்லாம் இப்போது உண்மை. கொஞ்சம் தாமதம்.

கம்பிக்கு வெளியே சாய்ந்து தூணின் எண்ணையும் படித்தேன். நீ அக்டோபர் ஆறாம் தேதி கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில்:

வெள்ளை.

உன் பாபா